9. சத்து மாத்திரை கிருமியைத் தடுக்குமா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கீரைக்கட்டு வாங்கிய கையோடு சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். முஸ்தபா சென்டரின் மருந்துப் பகுதியில் வைட்டமின் புட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி எதற்குள் நுழைந்தாலும் அதே கதைதான். அலுவலகத்தில் நாலு பேர் அடுத்தடுத்து இருமத் தொடங்கினாலோ, பாலர் பள்ளியிலிருந்து பிள்ளை மூக்கொழுகிக்கொண்டு வந்தாலோ நம் கை தானாக அந்தப் புட்டிகள் பக்கம் போகிறது. “இதைப் போட்டா காய்ச்சல் வராதுல்ல?” என்பதுதான் அங்கே எல்லாரும் கேட்பது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால் அந்தக் குறையைச் சரிசெய்வது தொற்றைத் தாங்க உதவும். குறையே இல்லாதவர் அதே சத்தை மேலும் மேலும் விழுங்குவதால் கிருமி கிட்டே வராது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. ஆகவே, கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டியது “எது நல்ல மாத்திரை?” என்பதல்ல. “எனக்கு என்ன குறை?” என்பதுதான். இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். சிங்கப்பூரிலேயே இருக்கிறது, அதுவும் நம் ஆட்கள் தங்கியிருக்கும் இடத்தில்.

விடுதியில் நடந்த சோதனை

2020இல் கொவிட்-19 வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் அதற்குள் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் எத்தனையோ பேர்.

அந்த நாள்களில் தேசியப் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் சீட்டும் சக மருத்துவர்களும் ஒரு பெரிய பலமாடி விடுதியில் சோதனை ஒன்றை நடத்தினார்கள். அதுவரை தொற்று ஏற்படாத 3,037 ஆண்கள். சராசரி வயது 33. இவர்களை மாடிவாரியாக ஐந்து பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மட்டும். இன்னொன்றுக்கு அதே வைட்டமின் சியுடன் 80 மில்லிகிராம் துத்தநாகம், அதாவது ஸிங்க். மற்ற மூன்றுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின், தொண்டையில் அடிக்கும் பொவிடோன் அயோடின் என்று ஆளுக்கொன்று. மொத்தம் 42 நாள்.

வைட்டமின் சி மட்டும் சாப்பிட்ட 619 பேரில் 433 பேருக்குத் தொற்று வந்தது. பத்துக்கு ஏழு. ஒருநாள்கூட விடாமல் ஆரஞ்சு மாத்திரை சாப்பிடும் நண்பரிடம் இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: எதுவுமே சாப்பிடாத பிரிவு அந்தச் சோதனையில் இல்லை. அதனால் ‘வைட்டமின் சி துளியும் உதவவில்லை’ என்று இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. கவசமாக நிற்கவில்லை என்று சொல்லலாம்.

துத்தநாகமும் சேர்த்துச் சாப்பிட்ட 634 பேரில் 300 பேருக்குத் தொற்று. ஏறக்குறைய 47 விழுக்காடு. எழுபதுக்கும் நாற்பத்தேழுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவுடனே துத்தநாகப் புட்டியைத் தேடி ஓடத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்களே அதை உறுதியான வித்தியாசமாக ஏற்கவில்லை. காரணம், பிரித்தது மாடிவாரியாக. ஒரு மாடியில் இருப்பவர்களுக்கு ஒரே கழிவறை, ஒரே சமையலறை. முதல் வாரத்திலேயே ஒருவருக்கு வந்துவிட்டால், மாத்திரை எதுவானாலும் அந்த மாடி முழுக்கப் பரவிவிடும். ஒருவருக்குமே வராத மாடி மாத்திரையின் புகழைப் பாடும். ஆகவே 3,037 பேர் என்பது கணக்குப் போடும்போது சில டஜன் மாடிகளாகச் சுருங்கிவிடுகிறது. அதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், துத்தநாகத்தால் கிடைக்கும் பலன் நூற்றுக்கு 41 பேரைக் காப்பது முதல் ஐந்து பேருக்குக் கூடுதலாகத் தொற்று வருவது வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வந்தது. இவ்வளவு அகலமான வரம்பை நம்பி மாதாமாதம் வெள்ளியைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

அதே சோதனையில் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் தொண்டை மருந்தும் தேறின. பிறகு பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த உலகச் சுகாதார நிறுவனம், தடுப்புக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட வேண்டாம் என்று 2021 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஒரே ஒரு ஆய்வை வைத்து மருந்துக்கடைக்கு ஓடக்கூடாது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது.

இன்னும் ஒன்று கிடைக்கிறது. அதே 2020இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்து வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகச் சுற்றியது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான 43 கொவிட் நோயாளிகள். அவர்களில் 17 பேருக்கு வைட்டமின் டி 1,000 யூனிட், மக்னீசியம் 150 மில்லிகிராம், பி12 500 மைக்ரோகிராம் தினமும் கொடுத்தார்கள். மோசமாகி ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் இந்த 17இல் மூவர். கொடுக்காத 26 பேரில் 16 பேர். பார்த்தால் பிரமிப்புதான். ஆனால் இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. அந்த 26 பேர் மாத்திரை கொடுக்கும் வழக்கம் தொடங்குவதற்கு முன் வந்தவர்கள். புதிய நோய் ஒன்றை வாராவாரம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், பின்னால் வந்தவருக்கு வேறு எத்தனையோ விஷயங்களும் சாதகமாக இருந்திருக்கலாம். பெரிய சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள்.

வைட்டமின் டியை வைத்துப் பெரிய சோதனைகள் வரவும் செய்தன. பிரிட்டனில் 6,200 பேர் ஆறு மாதம், நார்வேயில் காட் மீன் ஈரல் எண்ணெயை வைத்து 34,601 பேர். இரண்டிலும் கொவிட் தொற்று குறையவில்லை.

குறை இருக்கும் இடத்தில்

இதற்கு நேர்மாறான கதை திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லைலா ரஹ்மதுல்லாவும் குழுவினரும் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் 15,419 பேரை ஓராண்டு கவனித்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை சிறு அளவில் வைட்டமின் ஏ சொட்டு கிடைத்தது. அந்தப் பிள்ளைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. விலை மலிவான ஒரு சொட்டு இத்தனை உயிரைக் காத்ததற்குக் காரணம், அந்தப் பிள்ளைகளின் சோற்றில் அந்தச் சத்து போதுமான அளவு இல்லை என்பதுதான். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இந்த வழியில் வந்ததுதான். அதை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பார்.

அதே வைட்டமின் ஏ, 2025இல் டெக்சஸில் தட்டம்மை பரவியபோது வேறு முகம் காட்டியது. தடுப்பூசிக்குப் பதிலாக வீட்டிலேயே அளவில்லாமல் கொடுத்ததில் சில பிள்ளைகளுக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்தன. கொழுப்பில் கரையும் சத்து உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது. ஏ, டி, ஈ, கே நான்குமே அந்த ரகம்.

இனி சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தில் எந்தக் குறை நிஜமாக இருக்க வாய்ப்புண்டு என்று பார்ப்போம்.

முதலில் வைட்டமின் டி. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இது எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து எம்ஆர்டி, அங்கிருந்து அலுவலகம் என்று எல்லாம் கூரைக்குக் கீழேயே நடக்கிறது. வெளியே வந்தால் குடை. நம் தோல் கறுப்பு, அதே அளவு வைட்டமினைச் செய்ய அதற்குக் கூடுதல் வெயில் வேண்டும். இங்குள்ள சீனர்களோடு ஒப்பிட்டால் இந்தியர், மலாய்க்காரர் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதாக உள்ளூர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறை உண்டா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இருந்தால் மாத்திரை சாப்பிடுங்கள், எலும்புக்காகவாவது. சளிக்காய்ச்சலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 2017இல் 25 சோதனைகளைத் தொகுத்தபோது சுவாசத் தொற்று சற்றுக் குறைவதாகத் தெரிந்தது. 2025இல் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைச் சேர்த்துத் தொகுத்தபோது அந்தச் சிறு பலனும் உறுதிப்படவில்லை.

அடுத்தது பி12. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையும். கால் மரத்துப்போவது, ஓயாத அசதி, மறதி ஆகியவற்றை ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிடாமல் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

இரும்புச்சத்தைப் பரிசோதிக்காமல் தொடாதீர்கள். தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களின் இரத்த அறிக்கையும் மேலோட்டமாகப் பார்த்தால் இரும்புக் குறைபாடு போலவே இருக்கும். அவர்களுக்கு இரும்பு மாத்திரையால் பயனில்லை.

சளிக்கு வைட்டமின் சி

இந்தப் பழக்கத்தின் மூலவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். 1970இல் வைட்டமின் சியும் சளியும் பற்றிப் புத்தகம் எழுதினார், உலகமே புட்டி வாங்கியது. பிறகு வந்த சோதனைகளைக் காக்ரன் அமைப்பு 2013இல் தொகுத்தது. 11,306 பேர் கலந்துகொண்ட 29 சோதனைகள். தினம் சாப்பிட்டவர்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 விழுக்காடும் பிள்ளைகளுக்கு 14 விழுக்காடும் சீக்கிரம் போனது. ஏழு நாள் சளியில் பெரியவருக்கு மிச்சம் அரை நாள். அதுவும் ஆண்டு முழுக்கச் சாப்பிட்டிருந்தால். தும்மல் வந்த பிறகு தொடங்கியவர்களுக்கு நிலையான பலன் தெரியவில்லை; நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்போதுதான் தொடங்குகிறோம்.

அந்தத் தொகுப்பில் ஒரு விலக்கு உண்டு: மராத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த படைவீரர்கள் ஆகியோருக்குச் சளி பாதியாகக் குறைந்தது. தேசிய சேவைக்குப் போகும் மகனுக்குப் புட்டி வாங்கிக் கொடுக்க இதைக் காரணமாகக் காட்டும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் பனி பெய்வதில்லை.

தேவையான அளவு சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைச் சுற்றித்தான் தேவை. தேக்கா சந்தையில் வாங்கும் ஒரு நடுத்தரக் கொய்யாவில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பச்சையாகச் சாப்பிட வேண்டும், கொதிக்க வைத்தால் பாதி போய்விடும். ஒரு கிராமுக்கு மேல் மாத்திரையாக விழுங்கினால் பாதிகூட உடம்பில் சேராது. சேர்ந்த மிகுதியும் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பெரிய அளவுகளைத் தவிர்க்க வேண்டும்.

துத்தநாகத்தைப் பற்றிக் காக்ரன் 2024இல் சொன்னது இது: சளி வராமல் தடுப்பதில் அநேகமாகப் பலனில்லை. வந்த சளியை இரண்டு நாள் குறைக்கலாம், ஆனால் அந்த முடிவில் நம்பிக்கை குறைவு. குமட்டலும் வாய்க்கசப்பும் வரும். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட காலம் சாப்பிட்டால் உடம்பில் செம்புச்சத்து குறைந்து சோகையும் நரம்புத் தொல்லையும் வரலாம்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரில் மருந்துக்கு உள்ள முன் அனுமதி சத்து மாத்திரைக்குக் கிடையாது. கடைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொரு புட்டியையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. தரத்துக்கு விற்பவரே பொறுப்பு. நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் அட்டையில் ‘எதிர்ப்புச் சக்திக்குத் துணை’ என்ற மாதிரி பட்டும்படாமல் எழுதியிருக்கும். ‘கொவிட் வராது’, ‘டெங்கி வராது’ என்று நேரடியாகவே எழுதியிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 என்றிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், அந்த ஆயிரம் இரண்டு மாத்திரைக்கு என்றிருக்கும். துத்தநாகத்தில் இன்னொரு சிக்கல். ‘ஸிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம்’ என்றால் அதற்குள் இருக்கும் துத்தநாகம் சுமார் 7 மில்லிகிராம்தான். ‘எலிமெண்டல் ஸிங்க்’ என்று போட்டிருக்கும் எண்ணையே கணக்கில் எடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மல்டிவைட்டமினில் கொஞ்சம், சப்பும் மாத்திரையில் கொஞ்சம், தண்ணீரில் கரைப்பதில் கொஞ்சம் என்று ஒரே சத்து மூன்று வழியில் உள்ளே போவது சகஜம். தண்ணீரில் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியமும் உண்டு. இரத்தக் கொதிப்புக்காரர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

மருந்தாளர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. “அக்கா, காய்ச்சல் வராம இருக்க எது நல்லா இருக்கும்?” என்று கேட்டால் அவரும் ஏதோ ஒன்றைத்தான் எடுத்துக் காட்ட முடியும். “அக்கா, நான் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறேன், தைராய்டுக்கு ஒரு மாத்திரை இருக்கு. இதோட இது சேருமா?” என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர் வைட்டமின் ஈ, கே உள்ளதைக் கேட்காமல் தொடவே கூடாது. இவையெல்லாம் அவர் வாயிலிருந்து தானாக வரும்.

ஊரிலிருந்து வரும் பெட்டி

சென்னையிலிருந்து வரும் அத்தையின் பெட்டியில் முறுக்கு, ஊறுகாயோடு ஒரு பெரிய மருந்துக்கடைப் பொட்டலமும் இருக்கும். அதில் நீங்கள் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: வைட்டமின் டி 60,000 யூனிட். பாக்கெட் பொடியாகவோ மென்மாத்திரையாகவோ வரும். இந்தியாவில் மருத்துவர்கள் இதை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரத்துக்குத்தான் எழுதித் தருகிறார்கள். சீட்டு தொலைந்துபோய், ‘தினம் ஒரு மாத்திரை’ என்று நினைத்துச் சாப்பிட ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் பதினெட்டு லட்சம் யூனிட் உள்ளே போயிருக்கும். இரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், குமட்டல், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகமும் கெடும். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் அந்த அட்டையின் மேல் ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கான மருந்தைக் கொண்டுவரலாம் என்பதுதான் இங்குள்ள பொது விதி. சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பெட்டியில் கபசுரக் குடிநீர்ப் பொடியும் வரக்கூடும். 2020இல் தமிழ்நாட்டில் அதை வீதிவீதியாகக் கொடுத்தார்கள். அது சித்த மருந்து, சத்து மாத்திரை அல்ல. கசாயம் குடித்தாயிற்று என்பதற்காகக் காய்ச்சலோடு வேலைக்குப் போகாதீர்கள் என்பதற்கு மேல் இங்கே அதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

டெங்கி சமாசாரம் தனி. சிங்கப்பூரில் 2020இல் 35,000க்கு மேற்பட்டோருக்கும், 2022இல் 32,000க்கு மேற்பட்டோருக்கும் டெங்கி வந்தது. எந்த வைட்டமினும் அதைத் தடுக்காது. காய்ச்சலோடு உடல்வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் தெரிந்தால் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

புட்டிக்குப் போகும் காசை எங்கே போடலாம் என்றால், தடுப்பூசியில். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்துகொண்ட குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளில் பெரும்பாலானவை பதிந்த மருந்தகத்தில் இலவசம். 65ம் அதற்கு மேலும் வயதானவர்களுக்கும் நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் சளிக்காய்ச்சல் ஊசி அதில் அடக்கம். அறுபதும் அதற்கு மேலும் வயதான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அக்கித் தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரிலிருந்து மானியம் கிடைக்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் எந்த ஊசியின் செலவு ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்று முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் பறப்பவர்கள் டிக்கெட் போட்ட கையோடு ஊசிக்கும் நேரம் வாங்கிவிடுவது நல்லது. சளிக்காய்ச்சல் ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.